கொன்றவர் யார்? இறந்தவர் யார்?

காரைக்காலில் எங்கள் பாட்டனார் காலத்து வீடு ஒன்று பத்தாண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. பாட்டனாரின் தந்தை சைகோனில் வணிகம் செய்து ஈட்டிய பொருளில் கட்டிய வீடு. தெருவை ஒட்டித் திண்ணை. உள்ளே நுழைந்தால் நான்கு தேக்குத் தூண்கள் சூழ்ந்த முற்றம். அதைத் தாண்டிப் பின்கட்டு. பின்கட்டுக்கும் பின்னால் கிணறு. 1739-ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் முதல் நாள் அவர்கள் ஆட்சியிலிருந்து விடுபட்ட ஊர் இது. அந்த இருநூறு ஆண்டுகளின் சாயலைத் தாங்கி நின்ற வீடுகளுள் பல இன்று இல்லை. எங்கள் வீடும் மழைக்கு ஒரு சுவர், வெயிலுக்கு ஒரு கதவு என்று மெல்ல உதிர்ந்துகொண்டிருந்தது.

சென்ற ஆண்டு ஒருநாள் இரவு என் அக்காள் மகன் பாரிசிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். தந்தை வழியில் அவன் சொல்தா வீட்டுப் பிள்ளை. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டில் அவனுக்கும் பங்குண்டு.

“மாமா, வீட்டை விற்கவும் வேண்டாம், இடிக்கவும் வேண்டாம். சீர்செய்து விருந்தினர் தங்கும் இல்லமாக்கிவிடலாம். இரவு தங்கல், காலையில் சிற்றுண்டி. திருநள்ளாற்றுக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள், வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் மட்டும் இரவு உணவோடு ஒரு கொலை மர்ம விளையாட்டு வைக்கலாம். ஐரோப்பாவில் பழைய மாளிகைகளில் இதற்கென்றே கூட்டம் வருகிறது.”

“அதற்குக் கதை வேண்டாமா?” என்றேன்.

“நம் வீட்டுக்குத்தான் சொந்தமாகவே ஒரு கதை இருக்கிறதே மாமா, அந்தக் கிணற்றுக் கதை!”

நான் மறுமொழி சொல்லவில்லை. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். டிசம்பர் விடுமுறைக்கு வந்தபோது, முதலில் அந்த விளையாட்டை நானே பார்த்துவிடட்டும் என்று தன் நண்பர்களுடன் என்னையும் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றான்.

எங்கள் ஊரிலிருந்து வடக்கே பூவம் தாண்டி, நண்டலாற்றைக் கடந்து, பொறையாறு வழியாகப் போனால் அரைமணி நேரத்தில் தரங்கம்பாடி. 1620-ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கடலோரத்தில் டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டையும் ஊர்வாயிலும் தேவாலயங்களும் இன்றும் நிற்கின்றன. கடலை நோக்கிய பழைய பங்களாவை நீம்ரானா நிறுவனத்தார் செப்பனிட்டு விடுதியாக்கிய பிறகு, பழமையான வீட்டில் ஓரிரவு தங்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு இவ்வூருக்கு வருவோர் பெருகினர். நாங்கள் தங்கியது அதில் அன்று. உட்தெரு ஒன்றில் பழுதுபார்த்து வாடகைக்கு விடப்பட்ட ஒரு பழைய வீட்டில். கனத்த சுவர்கள், உயர்ந்த கூரை, இரவெல்லாம் அலையோசை. முதல் பார்வையிலேயே எனக்கு அந்த வீடு பிடித்துப்போயிற்று. இடிந்துபோக இருந்த சுவருக்கு ஒருவர் சுண்ணாம்பு பூசிக் காப்பாற்றியிருக்கிறார் என்றால், அது நல்ல காரியம்தானே?

இரவு உணவுக்கு முன் மருமகன் ஒரு பெட்டியைத் திறந்தான். அதில் எட்டு உறைகள் இருந்தன. டேனிஷ் காலத்து வணிகர் ஒருவர் தம் அறையில் நஞ்சுண்டு இறந்து கிடக்கிறார். அவருடைய மனைவி, கப்பல் தலைவன், மருத்துவர், கோட்டைக் காவல் அதிகாரி, கணக்கர், துபாஷ், சமையற்காரர், வேலைக்காரப் பெண் என்று எட்டுப் பாத்திரங்கள். ஒவ்வோர் உறையிலும் அந்தப் பாத்திரம் அறிந்த செய்திகளும் மறைக்க வேண்டிய செய்திகளும் எழுதப்பட்டிருந்தன. உணவின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புதிய தடயம் வெளிப்படும். பழம் உண்ணும் வேளையில் ஒவ்வொருவரும் கொலையாளி யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்குத் துபாஷ் வேடம். துணைக்கு ஒரு தலைப்பாகையும் தந்தார்கள்.

இப்படிப்பட்ட விளையாட்டு நேற்று வந்ததன்று. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்தின் விருந்துகளில் ‘கொலை’ என்ற பெயரிலேயே ஒரு விளையாட்டு இருந்தது. விருந்தினர் இருண்ட நடைவழிகளில் ஒருவரையொருவர் ஒளிந்து பிடிப்பார்கள். பர்மிங்காமில் வாழ்ந்த அந்தோணி பிராட் என்பவர் அந்த நினைவை வைத்துப் போர்க்காலத்தில் ஒரு பலகை விளையாட்டை அமைத்தார். 1949-இல் ‘குளூடோ’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அதில் ஒரு மாளிகை, சில விருந்தினர்கள், ஒரு பிணம். வெளியே உண்மையான குண்டுகள் விழுந்த நாட்களில், காரணமும் கருவியும் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஒரு மரணத்தைச் சுற்றி மனிதர்கள் அமர விரும்பியதில் வியப்பில்லை.

எனக்கும் அந்த விருப்பம் புதிதன்று. பள்ளிப் பருவத்தில் தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளைப் பாடநூலுக்குள் மறைத்துப் படித்தவன் நான். 1954-இல் வெளிவந்த ‘அந்த நாள்’ படத்தைப் பின்னாளில் கொட்டகையில் பார்த்தபோது, ஒரு பாட்டுக்கூட இல்லாமல் ‘கொன்றவர் யார்?’ என்ற ஒரே கேள்வி என்னை இருக்கையில் கட்டிப்போட்டது நினைவிருக்கிறது. ஆகவே அன்றிரவும் முழு மனத்தோடு விளையாடினேன் என்பதை மறைப்பதற்கில்லை. கணக்கரின் பேச்சில் முரண்பாடு கண்டேன். மருத்துவரை மடக்கினேன். “மாமா பிரமாதம்!” என்று இளையவர்கள் கைதட்டினார்கள்.

இரண்டாம் கட்டத்தில் மணி அடித்தது. மருமகன் ஒரு தாளை எடுத்துப் படித்தான்: வேலைக்காரப் பெண் மாடிப்படியின் கீழே இறந்து கிடக்கிறாள், அவள் எதையோ பார்த்திருக்கிறாள்.

அந்த வேடம் ஏற்றிருந்த கல்லூரி மாணவி சிரித்துக்கொண்டே எழுந்து, ஓர் ஓரமாக நாற்காலியைப் போட்டு அமர்ந்தாள். “செத்ததும் நல்லதாய்ப் போயிற்று. இனிமேல் நிம்மதியாகச் சாப்பிடலாம்” என்றாள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு ஆட்டம் தொடர்ந்தது. அவள் என்ன பார்த்தாள் என்று கேட்டார்கள். எப்போது பார்த்தாள் என்று கேட்டார்கள். வணிகரைக் கொன்றவரைக் கண்டுபிடிக்க அவளுடைய சாவு ஒரு தடயமாகப் பயன்பட்டது. அதற்குமேல் அதற்கு வேலை இல்லை. தற்செயலாக அவளுடைய உறையைப் பார்த்தேன். எங்கள் ஏழு பேருடைய உறைகளிலும் பாத்திரத்தின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. என் துபாஷுக்குக்கூடப் பெயர் உண்டு. அவள் உறையில் ‘வேலைக்காரப் பெண்’ என்று மட்டுமே இருந்தது.

கொலையாளி கப்பல் தலைவன் என்று நான் சரியாக எழுதியிருந்தேன். பரிசாக ஒரு புத்தகம் கிடைத்தது. அறைக்குச் சென்று படுத்தேன். உறக்கம் வரவில்லை.

எங்கள் வீட்டுக் கிணற்றுக் கதையை மருமகன் அறிந்த விதம் வேறு. நான் அறிந்த விதம் வேறு. அவனுக்கு அது பேய்க்கதை. “கிணற்றடிக்குப் போகாதே, உள்ளே ஓர் அக்கா இருக்கிறாள், பிடித்துக்கொள்வாள்” என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளை மூன்று தலைமுறையாக மிரட்டி வந்தோம். எனக்கு அதைச் சொன்னவர் என் அத்தை. 1998-இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், ஒரு பிற்பகலில், நான் கேட்காமலேயே சொன்னார்.

அத்தைக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. அரசலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வீட்டு வேலைக்கு ஒரு சிறுமி வந்திருந்தாள். பன்னிரண்டு வயது இருக்கும். அத்தைக்குத் தலைவாரிப் பூ வைத்துவிடுவாள். முற்றத்தில் பாண்டி ஆடுவாள். ஒருநாள் விடியற்காலையில் அவள் கிணற்றில் மிதந்தாள். தண்ணீர் இறைக்கப் போய்த் தவறி விழுந்துவிட்டாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவளுடைய தகப்பனார் வந்தார். நான்கு கலம் நெல் அளந்து கொடுத்தார்கள். வண்டி போயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவளைப்பற்றிப் பேசவில்லை.

“அவ பேரு என்ன அத்தை?” என்று கேட்டேன்.

அத்தை நெடுநேரம் யோசித்தார். “நெனப்பு வரலடா தம்பி. ‘ஏ பொண்ணே’ன்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவளுக்கு ஒரு பேரு இருந்திருக்கணுமில்ல?” என்றார். சற்று நேரம் கழித்து, “தோண்டி மட்டும் தொவைக்கிற கல்லுமேல கவுத்து வச்சபடியே இருந்துச்சு” என்றார். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

அன்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பின், ஒரு பொய்க் கொலையில் துப்பறிந்து பரிசு வாங்கி வந்த இரவில்தான், அத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது ஒரு தடயம் என்று உறைத்தது. தண்ணீர் இறைக்கப் போன பிள்ளை தோண்டியை எடுக்காமலா போவாள்?

மறுநாள் காலை நல்ல சிற்றுண்டி தந்தார்கள். ஆப்பம் சூடாக வந்துகொண்டேயிருந்தது. மருமகன் தன் திட்டத்தை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். இதற்கு உலகில் முன்மாதிரி இருக்கிறது என்றான். அவன் சொன்னது மெய்தான். அமெரிக்காவில் பால் ரிவர் என்னும் ஊரில் 1892 ஆகஸ்ட் 4 அன்று ஆண்ட்ரூ போர்டன் என்பவரும் அவருடைய மனைவியும் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டனர். மகள் லிசி மீது வழக்கு நடந்தது. 1893-இல் அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். வேறு எவரும் தண்டிக்கப்படவில்லை. நூறாண்டுக்குப் பின் அந்த வீடு இரவு தங்கிக் காலைச் சிற்றுண்டி உண்ணும் இல்லமாயிற்று. கொலை நடந்த அறையிலேயே கட்டணம் செலுத்தி உறங்குகிறார்கள்.

ஆனால் எனக்கு நினைவு வந்தது வேறொன்று. இலண்டனில் 1952 நவம்பர் 25 முதல் மேடையேறிவரும் ‘எலிப்பொறி’ என்ற அகதா கிறிஸ்டியின் நாடகத்தை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 2020-இல் பெருந்தொற்று அதை ஓராண்டுக்கு மேல் நிறுத்தியது. அதுவரை அது ஓயவில்லை. பிறகு மீண்டும் தொடங்கிவிட்டது. ஓர் இளந்தம்பதியர் பழைய வீடொன்றைப் புதிதாக விருந்தினர் இல்லமாக்குகிறார்கள். அங்கே ஒரு கொலை நடக்கிறது. கொலையாளி யார் என்பதை வெளியே சொல்லாதீர்கள் என்று நாடக முடிவில் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது வழக்கம்.

அந்த நாடகத்தின் வேரில் ஒரு மெய்யான சாவு இருக்கிறது. டென்னிஸ் ஓனீல் என்ற சிறுவன். வயது 12. வளர்க்க இயலாத பெற்றோரிடமிருந்து அரசு அவனையும் தம்பிமாரையும் பிரித்து வேறு வீடுகளில் ஒப்படைத்திருந்தது. ஷ்ராப்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் பட்டினியாலும் அடியாலும் நலிந்து, 1945 ஜனவரி 9 அன்று அவன் இறந்தான். உடனிருந்த தம்பி டெரன்ஸ் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னான். பண்ணைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது. அரசு விசாரணை நடத்தியது. அதனால் எழுந்த மனக்கொதிப்பும் சேர்ந்துதான் 1948-இல் அந்நாட்டில் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நாடகத்தின் முடிவு எழுபது ஆண்டுகளாக மறைபொருளாகக் காக்கப்படுகிறது. டென்னிசின் பெயரோ வெளிப்படையாக எழுதப்பட்டுவிட்டது. அதனால் பிற குழந்தைகளுக்கு ஒரு காவல் கிடைத்தது.

அவனுக்கும் வயது 12. எங்கள் கிணற்றில் கிடந்தவளுக்கும் அதே வயதுதான். அவனுக்கு ஒரு விசாரணை நடந்தது. ஒரு சட்டம் வந்தது. அவளுக்கு நான்கு கலம் நெல்.

ஊர் திரும்பியதும் நேரே பழைய வீட்டுக்குப் போனேன். மருமகனும் உடன் வந்தான். பூட்டைத் திறந்து, முற்றம் கடந்து, பின்கட்டுக் கதவைத் தள்ளிக் கிணற்றடிக்குப் போனோம். கிணற்றின் மேல் போட்டிருந்த பலகைகள் இற்றுப்போயிருந்தன. சகடையின் இரும்பு துருவேறி இருந்தது. கையோடு கொண்டுபோன அளவுநாடாவை எடுத்துக் கிணற்றின் கைப்பிடிச் சுவரை அளந்தேன். தரையிலிருந்து மூன்றரை அடி.

“இது என்ன மாமா, துப்பறியும் வேலையை இங்கேயும் தொடங்கிவிட்டீர்களா?” என்று மருமகன் சிரித்தான்.

“பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இது மார்பளவு வரும், தம்பி. இதில் எப்படித் தவறி விழுவது?”

அவன் சிரிப்பு நின்றது. தோண்டியைப்பற்றிச் சொன்னேன். அவன் சுவரைத் தொட்டுப் பார்த்தான். அவள் தானாகவே குதித்திருக்கலாமே என்றான். இருக்கலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை விடிவதற்கு முன் இந்தச் சுவர்மேல் ஏற்றிவிட்டது எது என்ற கேள்வி அப்போதும் மிச்சம் இருக்கிறது. அன்றிரவு இந்த வீட்டில் படுத்திருந்தவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தேன். பாட்டனார், அவருடைய தம்பி, இரண்டு பெரியப்பாமார், கணக்குப்பிள்ளை. எல்லாரும் என் நினைவில் நல்லவர்கள். பாட்டனார் என்னை மடியில் வைத்து மாம்பழத் துண்டுகளை ஊட்டியவர். நான் எழுதிய முதல் எழுத்து அவர் விரல் பிடித்து எழுதியது. அந்தக் கையைக் குறித்து இப்படி ஒரு கேள்வியைக் கேட்க நேருமென்று நான் எண்ணியதில்லை. விடை எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. விளையாட்டின் கடைசியில் திறக்க ஓர் உறை இருந்தது. வாழ்க்கையில் அந்த உறையை யாரோ முன்பே எரித்துவிட்டிருந்தார்கள். அந்த நான்கு கலம் நெல்லும் அதற்குத்தான் போலும்.

மருமகன் கெட்டவன் அல்லன். நெடுநேரம் நின்றுவிட்டு, “இது பழைய கதை மாமா. நமக்கு வேறு வழியில்லாவிட்டால், பெயரை மாற்றிவிட்டு நடத்திக்கொள்ளலாமே” என்றான்.

“எந்தப் பெயரை மாற்றுவது, தம்பி?” என்றேன்.

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். அதற்குமேல் இருவரும் பேசவில்லை.

பிறகு அவள் பெயரைத் தேடிப் பார்த்தேன். பிறப்பையும் இறப்பையும் பதிந்துவைக்கும் வழக்கம் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே எங்கள் ஊரில் இருந்தது. ஆனால் ஆண்டும் தெரியாமல், ஊரும் தெரியாமல், தகப்பன் பெயரும் தெரியாமல் எந்தப் பக்கத்தைப் புரட்டச் சொல்வது? அரசலாற்றங்கரை ஊர்கள் சிலவற்றில் முதியவர்களைக் கேட்டேன். தொண்ணூறு ஆண்டுக்கு முன் வேலைக்குப் போய்த் திரும்பாத ஒரு பெண் உண்டா என்று கேட்டால், ஒரு பாட்டி என்னையே திருப்பிக் கேட்டார்: “எத்தனையோ பேரு போனாங்க. நீங்க யாரை ஐயா தேடுறீங்க?”

அந்தக் கேள்வி என்னைவிட்டு நீங்கவில்லை. கொலை மர்மக் கதைகள் எல்லாம் ‘கொன்றவர் யார்?’ என்று கேட்கின்றன. அந்தக் கேள்வியை நான் வெறுக்கவில்லை. சுவரை அளந்து பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். ஆயினும் அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இறந்தவர் யார்? எவருக்கும் முதல் கேள்விக்கு விடை கிடைக்காமற்போகலாம். இரண்டாம் கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு மட்டும் நாம் யாரையும் பழி சொல்ல முடியாது. அவளைப் பேயாக்கிப் பிள்ளைகளை மிரட்டியபோது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இப்போது அவளைக் காசாக்கவும் இருந்தோம்.

வீட்டைச் சீர்செய்யும் பணி சித்திரையில் தொடங்கிற்று. விருந்தினர் வருவார்கள், தங்குவார்கள், காலையில் இட்டலியும் காப்பியும் உண்டு போவார்கள். வேண்டுமானால் கற்பனையாக ஒரு வணிகரைக் கொன்று மகிழட்டும். அதில் எனக்குத் தடை இல்லை. கிணற்றடிக் கதை மட்டும் விளையாட்டில் இடம்பெறாது என்று மருமகனே எழுதிக் கொடுத்தான். இற்றுப்போன பலகைகளை எடுத்துவிட்டுக் கிணற்றைத் தூர்வாரி, மேலே இரும்புவலை போட்டிருக்கிறோம். பிள்ளைகளிடம் அங்கே பேய் இருப்பதாகச் சொல்வதை நிறுத்திவிட்டோம். இந்த வீட்டில் வேலை செய்த ஒரு சிறுமி அங்கே இறந்தாள் என்று சொல்கிறோம்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள், பூசைக் கருத்து எழுதிக் கொடுக்கக் கோவில் அலுவலகத்துக்குப் போனேன். ஆண்டுதோறும் எழுதும் பெயர்களை எழுதினேன்: பாட்டனார், பாட்டி, தந்தை, தாய், அத்தை. எழுத்தர் தாளை வாங்கக் கை நீட்டினார். சற்றுப் பொறுக்கச் சொல்லி, கீழே இன்னொரு வரி சேர்த்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, “பெயர் எழுதவில்லையே ஐயா?” என்றார்.

“தெரியவில்லை” என்றேன்.

மறுநாள் காலை எங்கள் வீட்டுப் பெயர்களை வரிசையாக வாசித்தார்கள். பாட்டனாரின் பெயர் முதலில் வந்தது. கடைசியாக, ‘அவ்வீட்டுக் கிணற்றில் இறந்த ஒரு சிறுமி’ என்று வந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்துகொண்டேன்.